யாரும் விழாத கதை

1

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதானதால் பிறந்த கதை இது. வேறு பெருமை எதுவும் இதற்கு இல்லை.

மேல்மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்க நர்ஸ் ஒருவர் வருவார். வயதானவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்து, நடை போய்விடாமல், எலும்பு முறியாமல், எதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடாமல் முன்கூட்டியே கவனித்துக்கொள்வது அவருடைய வேலை. அன்று படியேறி வந்தவர் மூச்சு வாங்க என் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். உள்ளே கூப்பிட்டேன். உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். "ஆடுது. ஒரு காலுக்கு அட்டை மடிச்சு வெச்சிடுங்க" என்றார். பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

நான் எழுதுகிறவள் என்று தெரிந்ததும் சிரித்தார்.

"எங்க வேலையில கதையே கிடையாதும்மா. நாங்க ஒழுங்கா வேலை பாத்தா எதுவும் நடக்காது. யாரும் விழ மாட்டாங்க, ஒண்ணும் உடையாது. நடக்காததை எப்படி எழுதுவீங்க?"

அப்படிக் கேட்டுவிட்டு அவரே ஒரு கதை சொன்னார். இரண்டு சகோதரிகள், ஒரு தேநீர்த் தட்டு, ஒரு சொட்டு மருந்து. முடிவுக்குப் பக்கத்தில் வரும்போது அவர் கைபேசி அடித்தது. "மேல தேடறாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முடிவும் அந்தப் பைக்குள்ளேயே போய்விட்டது. அடுத்த தடவை வேறொரு நர்ஸ் வந்தார். முந்தையவரை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஆகவே, கதை எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மூன்று முறை முயன்றேன். அந்த முயற்சிகளையும் இதிலேயே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பெரியத்தை விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டபோது, அடுப்பில்..."

[நிறுத்தினேன். அந்த இரண்டு சகோதரிகளில் மூத்தவளான பெரியத்தை விழவே இல்லை. விழ வைத்தது நான்.]

இரண்டாவது தொடக்கம்: "முதுமை என்பது..."

[முதுமை என்பது என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் நான் நம்புவதில்லை. அதை எழுதியவருக்கு இன்னும் முழங்கால் வலி வந்திருக்காது.]

எனக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தகராறை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கதை என்றால் ஒருத்தியாவது விழ வேண்டும் என்று பழகியவள் நான். அந்த நர்ஸின் வேலையோ ஒருத்தியும் விழாமல் பார்த்துக்கொள்வது. முதல் வரைவில், சமையலறை நிலைப்படியில் முனை மடங்கிய கால்மிதி ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். பின்னால் உதவும் என்று. நர்ஸ் கதைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக அதைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். மேசை விளக்கின் கம்பியைத் தரையில் நீளமாக ஓடவிட்டேன். அதை எடுத்துச் சுவரோரமாக ஒட்டினாள். குளியலறையில் தண்ணீர் சிந்தி வைத்தேன். துடைத்துவிட்டு, கைப்பிடி பொருத்த ஆளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

நான் வைக்க வைக்க அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். எங்கள் இருவரில் யார் கை ஓங்கும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

3

மூன்றாவது தொடக்கம். இது நிலைத்தது.

அந்த வட்டாரத்தில் அவளுக்கு 'நாற்காலி நர்ஸ்' என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைக் கேட்பாள். வயதானவரை அதில் உட்காரவைத்து, கைகளை மார்போடு கட்டிக்கொள்ளச் சொல்லி, "இப்ப எழுந்திருங்க, பாக்கலாம்" என்பாள். எழுகிற விதத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிடும். யார் இன்னும் பல வருடம் தன் காலில் நிற்பார், யாருக்கு அடுத்த மழைக்காலத்துக்குள் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று.

பெரியத்தையும் சின்னத்தையும் அக்கா தங்கை. அண்ணன் மகன் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவரவர் கல்யாணம், அவரவர் துக்கம் எல்லாம் முடிந்து, சின்ன வயதில் இருந்ததுபோலவே ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். பெரியத்தை தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். சின்னத்தை சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள்.

[பெரியத்தையை முதலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன். ஏன் என்று பின்னால் புரியும். அவ்வளவு பொருத்தம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஆகாது.]

நர்ஸ் வருவது பெரியத்தைக்காக மட்டும். சின்னத்தை இன்னும் நர்ஸின் கணக்கில் சேரும் வயதை எட்டவில்லை.

"எனக்கு இன்னும் கிழவிப் பட்டம் குடுக்கல, நர்ஸம்மா. அக்காவைப் பாருங்க" என்று ஒதுங்கிக்கொள்வாள்.

"பட்டம் குடுத்தா மட்டும் சும்மா இருப்பியா? அதை மாட்டறதுக்கு ஆணி எங்கேன்னு என்னைக் கேப்ப" என்பாள் பெரியத்தை.

பெரியத்தை நாற்காலியிலிருந்து எழுவது பார்க்க வேண்டிய காட்சி. கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுப் பிடிக்காமல், சட்டென்று நேராக நிற்பாள். பிறகு சுவர்வரை நடந்து திரும்புவாள். அவள் நடக்க நடக்கச் சின்னத்தை முன்னால் போய்க்கொண்டே ஓயாமல் பேசுவாள்.

"இந்தாக்கா, ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன், காத்து எப்படி வருது பாரு. நர்ஸம்மா பையை மேசைக்கு இந்தப் பக்கம் வெச்சிருக்காங்க. அந்த ஸ்டூலை எங்கே போட்டேன், ஆங், இங்கதான் இருக்கு, கட்டில் பக்கத்துல."

"வாயை மூடேன்டி. ரேடியோவுக்காவது நிறுத்தற குமிழ் இருக்கு."

கண்ணைப் பற்றி நர்ஸ் கேட்டால் பெரியத்தை செய்தித்தாளை எடுத்து, அதில் இருப்பதிலேயே பொடி எழுத்தாகப் பார்த்து, வாடகை விளம்பரத்தைப் படித்துக்காட்டுவாள். "'காற்றோட்டமான அறை, அமைதியான சூழல்.' அப்படின்னா ஜன்னல் உடைஞ்சிருக்கு, கூப்பிட்டா ஓடிவர அக்கம்பக்கத்துல ஆள் இல்ல." மூவரும் சிரிப்பார்கள். பிறகு பெரியத்தையே தட்டில் தேநீர் எடுத்து வருவாள். சின்னத்தை வழக்கம்போல முன்னால் பேசிக்கொண்டே வருவாள்.

தன் பார்வையில் இருக்கும் வீடுகளிலேயே நல்ல வீடு இது என்று நர்ஸ் நினைத்திருந்தாள்.

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மடங்கிய கால்மிதியைக் கண்டுபிடிக்கிற கண், இந்த வீட்டில் ஒளிந்திருந்ததை (என்னவென்று அடுத்துச் சொல்கிறேன்) எப்படித் தவறவிட்டது?

"அவளுக்கு அன்று அவசரம்" என்று எழுதினேன். [பொய். அவள் அவசரப்படுகிறவள் அல்ல.]

"அவளுக்கு அனுபவம் போதவில்லை" என்று எழுதினேன். [அதுவும் இல்லை.]

நெடுநேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிறகு ஒன்று தெரிந்தது. அந்த வீட்டை அவள் எப்போதும் நாளின் கடைசியில்தான் வைத்துக்கொண்டாள். புண் கட்டிவிட்டு, பேச்சு குழறுகிறவரிடம் பேசிவிட்டு, "உங்களுக்கு என்ன, வந்துட்டுப் போயிடுவீங்க" என்று மகன்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, எல்லாம் முடிந்து இங்கே வருவாள். வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதே அவள் தோள் தளர்ந்துவிடும். வயதாவது என்றால் இப்படியும் இருக்கலாம் போலிருக்கிறதே என்று ஒரு ஆசை. தனக்கும் ஒரு தங்கை இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு.

அந்த வீட்டுக்கு அவள் பார்க்கப் போகவில்லை. இளைப்பாறப் போனாள்.

இதை என் வீட்டில் தண்ணீர் குடித்த அந்த நர்ஸ் என்னிடம் சொல்லவில்லை. தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "அந்த வீட்டுக்குப் போறதுன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். மீதி நான் எழுதிக்கொண்டது. தவறாக இருந்தால் அவர் மன்னிக்கட்டும்.

5

சளி பிடித்துச் சின்னத்தையின் தொண்டை அடியோடு கட்டிப்போன நாள் அது. நர்ஸ் வந்தபோது கையால் ஜாடை காட்டி வரவேற்றாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"நல்ல வேளை. வீட்டுக்கே விடுமுறை விட்ட மாதிரி இருக்கு" என்றாள் பெரியத்தை. ஆனால் அன்று அவள் சிரிப்பில் சுருதி இல்லை. எழுந்து காட்டினாள். நடக்கச் சொன்னபோது, "இன்னிக்கு வேண்டாமே, எத்தனை தடவைதான் அதே சுவரைப் பாக்கறது" என்று தட்டிக்கழித்தாள். தேநீர் மட்டும் வழக்கம்போலத் தானே எடுத்து வருகிறேன் என்று கிளம்பினாள். சின்னத்தை பதறி எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

பெரியத்தை தட்டோடு சமையலறை நிலையைத் தாண்டினாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள்.

நின்றவள் நின்றவள்தான். கோப்பைகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முகத்தை மெல்ல இடமும் வலமும் திருப்பினாள், இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவளைப்போல. நன்றாக வெயில் அடிக்கும் அறை அது. பக்கத்தில் நின்ற சின்னத்தையின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. தட்டைப் பிடிக்கக் கையை நீட்டினாள். விரல்கள் உள்ளே மடங்கியபடி விரிய மறுத்தன. தட்டின் விளிம்பில் புறங்கையைத்தான் வைக்க முடிந்தது.

நர்ஸுக்கு அந்த ஒரு கணத்தில் அத்தனை வருகைகளும் திரும்ப ஓடின. ஜன்னல் இங்கே, ஸ்டூல் அங்கே, பை இந்தப் பக்கம். அது அரட்டை இல்லை. வழி.

[உண்மையைச் சொல்கிறேன். இந்த இடத்தில் என் பழைய கால்மிதியை அலமாரி மேலிருந்து எடுத்து விரிக்கக் கை ஊறியது. கொதிக்கும் தேநீர், கண் தெரியாத கிழவி, கை வராத தங்கை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு கதாசிரியைக்குக் கிடைக்காது.]

நர்ஸ் ஓடவில்லை. ஓடினால் பயந்துவிடுவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேச ஆரம்பித்தாள்.

"பெரியத்தை, நான் மேசைக்கிட்ட உக்காந்திருக்கேன். என் குரல் வர்ற பக்கமே வாங்க. ஸ்டூலை நகர்த்திட்டேன். இப்ப நேரா. இன்னும் கொஞ்சம். மேசை உங்க வயித்துக்கு நேரா இருக்கு. அப்படியே இறக்குங்க."

தட்டு மேசையில் உட்கார்ந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பெரியத்தை நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயும் நல்லாத்தான் பேசறே" என்றாள்.

6

"நேரா பாத்தா உன் மூக்கு தெரியுது. காது தெரியல" என்று தொடங்கினாள் பெரியத்தை. "முதல்ல கதவு நிலை தோள்ல இடிச்சுது. வயசாச்சு, தள்ளாடறேன்னு நினைச்சேன். அப்புறம் எல்லாமே பக்கவாட்டுலேருந்து வந்து இடிக்க ஆரம்பிச்சுது. வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்மா. வலிக்கவே இல்லியே."

"படிச்சுக் காட்டினீங்களே!"

"படிக்கறதுக்கு ஓரம் எதுக்கு? எழுத்து நடுவுலதானே இருக்கு."

நர்ஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். படிக்கச் சொன்னாளே தவிர, பக்கவாட்டில் விரலை நீட்டி "இது தெரியுதா?" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

"ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"எங்க அண்ணன் மகன் வீட்ல ஒரு அறைதான் காலி. ஒருத்திக்குத்தான் இடம். எனக்கு முடியலேன்னு காதுல விழுந்தா அன்னிக்கே வந்து தூக்கிட்டுப் போயிடுவான். பாசக்காரப் பய, தடுக்கவும் முடியாது. இவளுக்கு ஒரு மூடி திறக்க வராது, குழாயைத் திருக வராது, துணி பிழிய வராது. இவ கை நானு. என் கண்ணு இவ. நீ வந்தா ரெண்டையும் சேத்து ஒரு ஆளாக் காட்டினோம். அவ்வளவுதான்."

சின்னத்தை மடங்கிய விரல்களைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கண் மருத்துவர் இரண்டே வாக்கியம் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, போன பார்வை திரும்பாது. காலையும் மாலையும் தவறாமல் சொட்டு மருந்து போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். பிறகு, எழுதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார்.

அது எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் முன்னாடியே என்பதுதான் நர்ஸின் வேலைக்கே பெயர். அவள் ஆஸ்பத்திரிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியத்தைதான் அவள் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

7

அண்ணன் மகனை வில்லனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. வந்ததும் வராததுமாக இரண்டு பேர் காலடியிலும் உட்கார்ந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கண் கலங்கினான். அப்படிப்பட்டவனை என்ன செய்வது?

"கட்டிலுக்கு அளவெடுத்தாச்சு. பெரியத்தை என்னோட வரட்டும். சின்னத்தையை என் தங்கச்சி அவ ஊர்ல வெச்சுப் பாத்துக்கறேங்கறா."

"என்னைப் பாத்துக்கறதுக்கு இவ இருக்கா" என்றாள் பெரியத்தை.

"இவங்களை யார் பாத்துக்கறது?"

"நான்."

"அத்தை, விளையாடாதீங்க. தினம் ரெண்டு வேளை மருந்து போடணும். உங்களுக்குக் குறி தெரியாது, இவங்களுக்குப் புட்டியை அழுத்த வராது." நர்ஸ் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க."

"பிரிச்சீங்கன்னா ரெண்டு பேரும் உக்காந்துடுவாங்க" என்றாள் நர்ஸ். "உங்க வீட்ல அத்தையை ஒரு டம்ளர் எடுக்க விட மாட்டீங்க. அன்புலதான். ஆனா எடுக்காத கை அப்புறம் எடுக்காது. எழுந்திருக்காத கால் எழுந்திருக்காது."

"நாளைக்கு மிச்சக் கண்ணும் போச்சுன்னா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

 பதில் சொல்லும் உரிமையை இழந்துவிட்டதாக நர்ஸுக்குத் தோன்றியது. அதனால் கெஞ்சினாள்.

"ஒரு வாரம் குடுங்க. அவங்களே போட்டுக் காட்டட்டும். முடியலேன்னா நானே பெட்டி கட்டித் தர்றேன்."

பழகுவதற்கென்று கண்ணீர் மாதிரியான வெறும் திரவம் உள்ள புட்டி ஒன்றை வாங்கிக்கொடுத்தாள்.

"கண்ணீரைக் கடையில விக்கறானா?" என்றாள் பெரியத்தை. "நம்ம வீட்ல இலவசமாக் கிடைக்குதேடி."

பெரியத்தை அண்ணாந்து உட்கார, சின்னத்தை மடங்கிய விரல் கணுவால் அவள் கீழிமையை இழுத்துப் பிடிக்க, புட்டி பெரியத்தையின் கையில். "மேலே. மூக்குப் பக்கமா. அய்யோ, அது புருவம்க்கா." "புருவத்துக்கும் கொஞ்சம் பார்வை வரட்டுமே." கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் போனது. எப்போதாவது கண்ணிலும் விழுந்தது.

8

முதல் முடிவு: சொட்டு சரியாக விழுகிறது. அண்ணன் மகன் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிடுகிறான். [எழுதிவிட்டு அழுதேன். பிறகு கிழித்தேன். போன பார்வை போனதுதானே? என்றாவது ஒருநாள் இருவரில் ஒருத்தி முன்னால் போவாளே? அன்று மிச்சம் இருப்பவள் பாதி ஆள். அதை முன்கூட்டியே தடுக்க எந்த நர்ஸும் வர முடியாது.]

இரண்டாவது முடிவு: சொட்டு கன்னத்தில் வழிகிறது. பெரியத்தை நல்ல வீட்டுக்குப் போகிறாள். வேளாவேளைக்கு மருந்து போடுகிறார்கள், கண்ணின் மிச்சம் தப்புகிறது. ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை. கொஞ்ச காலத்தில் நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு ஊரில் சின்னத்தை, கேட்க ஆளில்லாததால், பேசுவதை நிறுத்திவிடுகிறாள். [இந்த முடிவிலும் யாரும் விழவில்லை, கவனித்தீர்களா? அதுதான் இதில் என்னால் தாங்க முடியாதது.]

மூன்றாவது முடிவு: "நானே தினமும் வந்து போடுகிறேன்" என்று நர்ஸ்...

[இல்லை. அவளுக்கு இன்னும் எத்தனை வீடுகள்.]

9

நர்ஸ் எனக்குச் சொன்ன கடைசி இடம் இதுதான். இதற்குமேல் லிஃப்ட் இல்லாத படிகளில் அவர் ஏறிப் போகும் சத்தம் மட்டும் எனக்குத் தெரியும்.

கேட்டு வாங்கிய ஒரு வாரம் முடிந்த நாள். அண்ணன் மகன் சுவரோரமாக நிற்கிறான். தோற்க வேண்டுமா ஜெயிக்க வேண்டுமா என்று அவனுக்கே தெரியவில்லை. நர்ஸ் தன் கைகள் தாமாக நீண்டுவிடுமோ என்று பயந்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருக்கிறாள். கைப்பிடி இல்லாத அந்த நாற்காலியில் பெரியத்தை அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறாள். இது நிஜ மருந்து.

சின்னத்தை இமையை இழுத்துப் பிடித்துவிட்டாள்.

"மேலே... இன்னும் கொஞ்சம் மூக்குப் பக்கமா..."

"சொல்லு."

"நிறுத்து. நகராதே."

"அழுத்தட்டுமா?"

சின்னத்தைக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இந்தத் தடவை சளி இல்லை. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பெரியத்தை காத்திருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் வாழ்நாளெல்லாம் காதில் குரல் வந்த பிறகே கையை அசைத்துப் பழகியவள் அவள். புட்டியின் முனையில் சொட்டு திரண்டு, கனத்து, தொங்குகிறது.

இந்தக் கதையில் நான் யாரையும் விழவிடவில்லை. கால்மிதி அலமாரி மேலேயே இருக்கிறது. என் நாற்காலிக்கும் அட்டை மடித்து வைத்துவிட்டேன், இப்போது ஆடுவதில்லை. விழலாம் என்று நான் விட்டுவைத்தது அந்த ஒரு சொட்டு மட்டும்தான்.

புட்டி நேராகத்தான் இருக்கிறதா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை. நீங்கள் அருகில் இருக்கிறீர்கள். குனிந்து பாருங்கள். சரியாக இருந்தால், சின்னத்தைக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள், பெரியத்தைக்குக் கேட்கும்படியாக:

"அழுத்துக்கா."